காயம் நகக்கண் அளவு, ரத்தம் சுவர் முழுக்க: நாயின் காது பற்றிய வாசகர் கேள்விகள்

மழை தொடங்கிய பிறகு வந்த கடிதங்களில் நாயின் காதைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்கள் கால்நடை மருத்துவர் குழுவுடையவை.

*

ரப்பர் தோட்டத்து முள்கம்பி வேலிக்குள் நுழைந்ததில் எங்கள் நாட்டு நாயின் இடது காது நுனி கிழிந்துவிட்டது. வயது மூன்று, எடை 16 கிலோ. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, டாக்டர் யாரும் கிடைக்கவில்லை. துவர்த்தால் துடைத்துவிட்டுக் காப்பிப்பொடி வைத்தோம். நிற்கும், தலையை உதறும், மறுபடியும் கொட்டும். விடியும்வரை இதே பாடு. சுவர், கட்டில், உடுத்திருந்த சாரம் எல்லாம் ரத்தம். என்ன செய்திருக்க வேண்டும்?
— வாசகர், குலசேகரம்

காதைத் தலையோடு சேர்த்துக் கட்டி, உதற முடியாமல் செய்திருக்க வேண்டும். உங்கள் நாயின் ரத்தம் ஒவ்வொரு முறையும் தானாகவே உறைந்திருக்கிறது. ஒவ்வொரு உதறலிலும் அந்த உறைவு தெறித்துப் போயிருக்கிறது.

காது மடலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இலை நரம்புபோல ரத்தக்குழாய்கள் ஓடுவது தெரியும். நடுவில் அப்பளம்போல மெல்லிய குருத்தெலும்பு, இருபக்கமும் அதோடு ஒட்டிய தோல், அவ்வளவுதான் மடல். தொடையில் வெட்டுப்பட்டால் சுற்றியிருக்கும் சதையே குழாயை நெருக்கி ஓரளவு அடைக்கும். காதில் அப்படி நெருக்கச் சதை கிடையாது. போதாததற்கு, காதில் ஈரம் பட்டாலே தலையை உதறுவது நாயின் சுபாவம். வழியும் ரத்தமும் அதற்கு ஈரம்தான்.

பயத்தைக் கொஞ்சம் குறைக்க ஒரு கணக்கு. நாயின் உடலில் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி ரத்தம் இருக்கும். 16 கிலோ நாய்க்குச் சுமார் 1.3 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு சின்ன டம்ளர் அளவு போனாலும் திடமான நாய் தாங்கிக்கொள்ளும். வெள்ளையடித்த சுவரில் நான்கு தேக்கரண்டி ரத்தம் தெறித்தால் கொலை நடந்த வீடுபோல இருக்கும். சுவரைப் பார்த்து அளக்காதீர்கள், ஈறைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழையபடி சிவந்தால் சரி. ஈறு முழுக்கவே சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தாலோ, நாய் தள்ளாடினாலோ, காதும் பாதமும் சில்லிட்டிருந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இனி செய்முறை. இரண்டு பேர் வேண்டும்.

முதலில் வாய்க்கட்டு. எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். ஒரு மீட்டர் நீளத் துணிப்பட்டையை மூக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்கு அடியில் குறுக்காக மாற்றி, பிடரியில் சுருக்கு முடிச்சாகப் போடுங்கள்; இழுத்தால் உடனே அவிழ வேண்டும். பட்டை காதுக்குக் கீழே தாழ்வாகப் போகட்டும், கிழிந்த காதில் உரசக் கூடாது. மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தியெடுக்கும் நாய்க்கும், பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்க்கும் வாய்க்கட்டு ஆகாது. வாய் கட்டிய நாயால் மூச்சிரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாது. அதனால் வேலை முடிந்த அடுத்த நிமிடம் அவிழ்த்துவிடுங்கள்.

அடுத்தது அழுத்தம். சுத்தமான காஸ் துணியைக் கனமாக மடித்து மடலின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று வைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே சப்பாத்தி மாவை அமுக்குவதுபோல் சீராக அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: நின்றுவிட்டதா என்று ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கும்போதெல்லாம் உறைவு துணியோடு பிய்ந்து வரும். ரத்தம் துணியைத் தாண்டி ஊறினால் எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மேலே வைத்துக்கொண்டால் குழாய்கள் சுருங்கும். ஐஸ் நேரடியாகத் தோலில் படக் கூடாது. காஸ் இல்லாத வீட்டில் சானிட்டரி நாப்கின் அருமையாக உதவும்; ஒட்டும் பக்கம் வெளியே இருக்கட்டும். பஞ்சை மட்டும் நேரடியாக வைக்க வேண்டாம். நாரெல்லாம் காயத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும் பாடு.

பிறகு கட்டு. தலை உச்சியில் ஒரு மடிப்புத் துணி வையுங்கள். கிழிந்த காதை மேலே தூக்கி அதன்மேல் படுக்க வைத்து, காதின்மேல் இன்னொரு மடிப்பு. காதின் இருபுறமும் துணி இருக்கும். நுனி உச்சியைத் தாண்டி அடுத்த காதை நோக்கியிருக்கும். விடைத்த காதுள்ள நாய்க்கும் இதே முறைதான். 10 செ.மீ. அகலக் கிரேப் பேண்டேஜை உச்சியில் தொடங்கி, கன்னம் வழியாகத் தொண்டைக்கு அடியில் கொண்டுபோய், மறுபக்கம் ஏற்றுங்கள். ஒரு சுற்று நல்ல காதுக்கு முன்னால் போகட்டும், அடுத்த சுற்று பின்னால். இப்படி மாறி மாறிச் சுற்றினால் நல்ல காது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டு நழுவாமல் பிடிக்கும் ஆணி அந்தக் காதுதான். இரண்டு காதையும் உள்ளே வைத்துச் சுற்றிய கட்டு, அரை மணி நேரத்தில் கழுத்து மாலையாக இறங்கிவிடும்.

எவ்வளவு இறுக்கம்? கிரேப் இழுபடும் துணி. முழுக்க இழுத்துச் சுற்றினால் சுற்றுக்குச் சுற்று இறுக்கம் ஏறும். பாதி இழுவையில் சுற்றுங்கள். தொண்டைப் பக்கம் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நாய் தலையைக் குனிந்தபோதும் நுழைகிறதா என்று பாருங்கள். நிமிர்ந்திருக்கும்போது சரியாக இருந்த கட்டு, படுத்தால் குரல்வளையை நெருக்கும். முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை கவனியுங்கள். குறட்டைபோல் மூச்சு, ஓங்கரிப்பு, நாக்கில் நீலம், முகவீக்கம் என்று எது தெரிந்தாலும் உடனே வெட்டிவிடுங்கள்.

வெட்டும்போதுதான் இன்னொரு விபத்து காத்திருக்கிறது. கட்டுக்குள் காது எங்கே மடிந்து கிடக்கிறது என்பது மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. கத்தரி காது நுனியையும் சேர்த்து எடுத்துவிடும். கட்டி முடித்ததுமே பேனாவால் கட்டின் மேல் காதின் உருவத்தை வரைந்து வைத்துவிடுங்கள். இடது காது என்றால் வலது கன்னத்தின் தாழ்ந்த பக்கத்தில் வெட்ட வேண்டும்.

காப்பிப்பொடி பற்றி. அது ரத்தத்தோடு சேர்ந்து சேறாக அப்பிக்கொள்ளும். தையல் போடும் மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்தால்தான் விளிம்பு தெரியும். சுரண்டினால் மறுபடியும் ரத்தம். நக்கினால் அதிலுள்ள கஃபீன் நாய்க்கு ஆகவும் ஆகாது. மஞ்சள்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். காதின் அடியில் ரப்பர் பேண்டோ நூலோ போட்டு இறுக்குவது இவை எல்லாவற்றையும்விட மோசம். சில மணி நேரத்தில் மடல் கறுத்துச் செத்துவிடும். உடைந்த பொம்மையை ஒட்டும் பசையையும் காதுக்குக் கொண்டுவராதீர்கள்.

கிழிசல் விளிம்பைப் பிளந்து உள்ளே போயிருந்தால், 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தையல் போடுவது நல்லது. ஞாயிறு இரவில் கட்டினால் திங்கள் காலை முதல் ஆளாகக் கால்நடை மருந்தகத்தில் நில்லுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், ஆகையால் காலைத் தீனி வேண்டாம். தண்ணீர் கொஞ்சம் கொடுக்கலாம். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். தைக்காமல் விட்டால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, காதில் ஒரு வெட்டு அடையாளம் நிரந்தரமாக நிற்கும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் என்று வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதையே கெடுக்கும். ஐபுப்ரோஃபென் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பிடிக்கும்.

இவ்வளவும் மடலில் பட்ட காயத்துக்கு. வண்டி மோதியோ, உயரத்திலிருந்து விழுந்தோ காதுத் துளைக்கு உள்ளிருந்து ரத்தம் வந்தால் கதை வேறு. துளையை அடைக்காதீர்கள், சொட்டு மருந்து விடாதீர்கள். தலையை அதிகம் ஆட்டாமல் பலகையில் படுக்க வைத்து நேரே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

*

கட்டுப் போட்ட பத்தாவது நிமிடம் பின்னங்காலால் பிறாண்டி எடுத்துவிடுகிறதே?
— வாசகி, தக்கலை

பழைய பனியன் டி-ஷர்ட்டின் கையை வெட்டி எடுங்கள். பெரிய நாய்க்கு லெக்கிங்ஸின் தொடைப்பகுதி சரியாக இருக்கும். அதைத் தலைவழியாகக் குல்லாபோல் மாட்டி, கண்ணுக்குப் பின்னாலிருந்து கழுத்து நடுப்பகுதிவரை இழுத்துவிடுங்கள். நல்ல காதுக்கு ஒரு ஓட்டை. கட்டின்மேல் இது இருந்தால் நகம் நேரடியாகக் கட்டில் மாட்டாது. விற்கும் கூம்புக் காலர் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால், அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் வாளியின் வெட்டு விளிம்பில் துணி சுற்றி, கழுத்துப் பட்டையோடு நான்கு இடத்தில் கட்டலாம். மூக்கு நுனி வாளியைவிட இரண்டு விரல் உள்ளே இருக்க வேண்டும்.

சங்கிலியைக் கழுத்தில் மாட்டாமல் நெஞ்சுப்பட்டையில் மாட்டுங்கள். இரண்டு நாளுக்குக் குளியல் கிடையாது. வாசலில் யார் வந்தாலும் குரைத்துத் துள்ளும் நாயாக இருந்தால் உள்ளறையில் விடுங்கள். துள்ளி உதறினால் கட்டுக்குள்ளேயே ரத்தம் ஊறும்.

*

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது நாயும் கூடவே வரும். மழைக்காலத்தில் காதில் அட்டை கடித்து, விழுந்த பிறகும் மணிக்கணக்கில் ரத்தம் ஒழுகுகிறது. கடிவாய் குண்டூசித் தலை அளவுகூட இல்லை. உப்புப் போட்டு எடுப்பது சரியா?
— வாசகர், பேச்சிப்பாறை

அட்டை உறிஞ்சும்போதே ரத்தம் உறையாமலிருக்க ஹிருடின் என்ற பொருளைக் கடிவாயில் இறக்கிவிடுகிறது. அட்டை போனாலும் அது கொஞ்ச நேரம் அங்கேயே வேலை செய்யும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஆபத்தான ஒழுக்கு இல்லை. மேலே சொன்ன அழுத்தத்தைப் பத்து நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் கொடுங்கள். உதறினால் கட்டுங்கள்.

உப்பு, சுண்ணாம்பு, புகையிலைச் சாறு, பீடி நெருப்பு எல்லாமே அட்டையை விழவைக்கும். ஆனால் விழுவதற்கு முன்னால் வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்க வைக்கும், புண் சீழ் வைக்கும். நகத்தால் எடுப்பதுதான் சுத்தம். அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அந்த முனையை ஒட்டித் தோலோடு நகத்தைக் கிடையாக வைத்து நெம்பித் தள்ளினால் பிடி விட்டுவிடும். உடனே தடித்த முனையையும் அதேபோல் விடுவித்துச் சுண்டி எறியுங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் அட்டை ரப்பர்போல நீளுமே தவிர விடாது. அறுந்தால் வாய்ப்பகுதி தோலில் தங்கும்.

ஓடைத் தண்ணீர் குடிக்கும் நாய்க்கு ஒரே நாசியில் மட்டும் ரத்தம் கசிந்து, ஓயாமல் தும்மல் வந்தால் மூக்குக்குள் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இடுக்கியை வீட்டில் நுழைத்துத் துழாவ வேண்டாம், அது மருத்துவர் வேலை.

*

எங்கள் லாப்ரடாரின் காது மடல் பணியாரம்போல உப்பியிருக்கிறது. வெளியே ரத்தமில்லை. தொட்டால் தண்ணீர்ப் பைபோல் மெத்தென்று இருக்கிறது. ஊசியால் குத்தி விட்டால் வடிந்துவிடும் என்கிறார்கள்.
— வாசகி, நாகர்கோவில்

குத்தினால் வடியும்; சாயங்காலத்துக்குள் மறுபடி நிரம்பும். சுத்தமில்லாத ஊசியென்றால் சீழாக நிரம்பும்.

இது மடலுக்கு உள்ளேயே ஆகும் ரத்தப்போக்கு. விடாமல் தலையை உதறியும் பிறாண்டியும் குருத்தெலும்பில் ஒட்டியிருக்கும் குழாய்கள் அறுந்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருக்கிறது. மருத்துவர் கீறி வெளியேற்றி, தோல் மறுபடி ஒட்டிக்கொள்ள மடலின் குறுக்கே பல தையல் போடுவார். சின்ன வீக்கமென்றால் உறிஞ்சி எடுத்து மருந்து செலுத்துவதும் உண்டு. விட்டுவைத்தால் சில வாரங்களில் தானாகச் சுண்டும், காதோ கசங்கிய காகிதம்போலச் சுருங்கிவிடும்.

முக்கியமான கேள்வியை நீங்கள் கேட்கவில்லை: நாய் ஏன் உதறியது? காதை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோடு பழுப்பு மெழுகு இருந்தால் பூஞ்சைத் தொற்று. காப்பித்தூள்போல் கறுப்பாகப் பொரிந்திருந்தால் காதுப்பூச்சி. நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. தொங்கு காது நாய்க்கு வருடத்தில் இரண்டு முறை காதுக்குள் ஈரம் காயாமல் கிடக்கும். உள்ளே இருக்கும் நோயைத் தீர்க்காமல் வீக்கத்தை மட்டும் தைத்தால், அடுத்த மாதம் அதே காதோ அடுத்த காதோ உப்பும்.

மருத்துவரிடம் போகும்வரை காதைத் தலையோடு சேர்த்து மெதுவாகக் கட்டிவையுங்கள். அதற்குமேல் வீக்கம் பெருகாது. பழைய சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறதே என்று விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் காது கேளாமலே ஆக்கிவிடும்.

*

குளச்சல் கடற்கரையில் தூண்டில் முள் காதில் ஏறிவிட்டது. ஏறிய வழியே இழுத்தால் வரவில்லை.
— வாசகர், குளச்சல்

வராது. முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்முள் இருக்கிறது. இழுக்க இழுக்க அது சதையை உழும். நூலை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். முள் மடலைத் துளைத்து மறுபக்கம் நுனி தெரிந்தால், கட்டிங் பிளேயரால் எதிர்முள்ளை வெட்டிவிட்டு, மீதியை வந்த வழியே பின்னோக்கி எடுக்கலாம். வெட்டும்போது துண்டு கண்ணில் தெறிக்காமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள். நுனி உள்ளேயே இருந்தால் தொடாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மருத்துவர் மறுபக்கம் தள்ளி எடுப்பார். இரண்டு முறையிலும் எடுத்தபிறகு ரத்தம் வரும், பத்து நிமிட அழுத்தம் போதும்.

வாயிலிருந்து நூல் தொங்கினால் ஒருபோதும் இழுக்கக் கூடாது.

*

காதோரப் புண்ணில் புழு பிடித்துவிட்டது. கர்ப்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து விட்டால் புழு வெளியே வரும் என்பார்கள். பக்கத்து வீட்டில் பினாயில் ஊற்றச் சொல்கிறார்கள்.
— வாசகர், பூதப்பாண்டி

இரண்டும் வேண்டாம். கர்ப்பூரம் தோல் வழியாகவும் நக்கினாலும் உடலில் ஏறும். நாய்க்கு வலிப்பு வரலாம். பினாயில் பச்சைச் சதையைப் பொசுக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அப்படியே.

ரத்தம் கசிந்த காது ஈக்கு விருந்து. முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு பொரித்துவிடும். அதனால்தான் மழைக்காலத்தில் சின்னக் கீறலைக்கூடத் திறந்துவிடக் கூடாது என்கிறோம். புண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு முடியைக் கத்தரியுங்கள். அரை லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். புழுக்கள் மூச்சுக்காக மேலே வரும். முனை மழுங்கிய இடுக்கியால் ஒவ்வொன்றாக முழுசாக எடுங்கள். நசுங்கினால் துண்டு உள்ளே அழுகும். கால்நடை மருந்துக் கடையில் புழுப்புண் ஸ்பிரே கிடைக்கும். கண்ணிலும் காதுத் துளையிலும் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். முதல் நாள் எடுத்ததோடு புழு தீர்ந்துவிடாது. அடுத்த இரண்டு நாளும் தேடுங்கள். கழுவிய பிறகு பெட்டாடின் வைப்பதென்றால் தண்ணீர் கலந்து, வெளிறிய கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் டெட்டாலும் புதுச் சதை வளர்வதைக் கெடுக்கும்.

வேப்பெண்ணெயைப் புண்ணுக்குள் விடாமல் சுற்றியுள்ள நல்ல தோலில் மெல்லிசாகத் தடவினால் ஈ அண்டாது. நம் பாட்டிமார் வைத்தியத்தில் இந்த ஒன்றை நாங்களும் ஆதரிக்கிறோம்.

புழு காதுத் துளைக்குள் இருந்தால் வீட்டு வேலை அதோடு முடிந்தது. ஊசி போட்டுப் புழுவைக் கொல்ல ஐவர்மெக்டின் என்ற மருந்து உண்டு. ஆனால் அதையும் மருத்துவர்தான் போட வேண்டும். கோலி போன்ற சில இன நாய்களுக்கு அதே ஐவர்மெக்டின் மூளையைத் தாக்கும்.

*

தெருநாய் காதைக் கடித்துவிட்டது. எங்கள் நாய்க்கு டி.டி. ஊசி போட வேண்டுமா? ரத்தத்தைத் துடைத்த எனக்கு?
— வாசகி, மார்த்தாண்டம்

நாய்க்கு டி.டி. போடும் வழக்கம் இல்லை. தனுர்வாயு குதிரையை எளிதில் பிடிக்கும், நாயை அரிதாகத்தான். கவலைப்பட வேண்டியது வெறிநாய்க்கடி நோய்க்கு.

கடித்த காயம் என்றால் முதல் வேலை கழுவுவது. ரத்தம் பீய்ச்சி அடித்தால் மட்டும் முதலில் அழுத்தி நிறுத்துங்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம். காதுத் துளைக்குள் தண்ணீர் போகாமல் தலையைச் சாய்த்துப் பிடியுங்கள். கையுறை இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த ஒரு காயத்தைத் தைக்க அவசரப்படுத்தாதீர்கள். பல் பதிந்த துளையை மூடித் தைத்தால் எச்சில் உள்ளே மாட்டிக்கொள்ளும். எப்போது தைப்பது, தைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வருடாந்தரத் தடுப்பூசி ஒழுங்காகப் போட்ட நாய்க்கும் உடனே ஊக்க ஊசி தேவை. போடவே போடாத நாய்க்கு 0, 3, 7, 14, 28 ஆம் நாட்களில் ஐந்து ஊசி. கடித்த நாளல்ல, முதல் ஊசி போட்ட நாள்தான் 0.

இனி உங்களுக்கு. வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்கும், ரத்தத்தில் இல்லை. ஆனால் கடித்த நாயின் எச்சில் உங்கள் நாயின் காதில் ஈரமாக இருந்திருக்கும். உங்கள் கையில் கீறலோ, நகச்சுற்றுப் புண்ணோ இருந்தால், அல்லது உங்கள் நாயே வலியில் உங்கள் கையைப் பதம் பார்த்திருந்தால், சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆம் நாட்களில் ஊசி, கட்டணம் இல்லை. ரத்தம் வரும்படி கடிபட்டிருந்தால் இம்யூனோகுளோபுலினும் வேண்டியிருக்கும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு நேரே போவது நல்லது. உங்களுக்கான டி.டி.யையும் அங்கேயே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

*

கட்டும் போட்டாயிற்று, உதறவும் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரமாகக் கசிவு நிற்கவில்லை. சின்னக் கீறல்தான்.
— வாசகர், தோவாளை

அப்படியென்றால் காதை விட்டுவிட்டு நாயைப் பாருங்கள். வயிற்றுத் தோலில், ஈறில், கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகளோ ஊதாத் திட்டுகளோ இருக்கின்றனவா? சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போகிறதா? மலம் தார்போல் கறுத்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்தம் உறையும் சக்தி குறைந்திருக்கலாம் என்று அர்த்தம்.

நம் ஊரில் இதற்கு இரண்டு காரணங்களை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒன்று, உண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சல். ரத்தத் தட்டணுக்கள் சரிந்துவிடும். சில நாளாகத் தீனி குறைந்து, உடம்பு சுட்டு, மூக்கில் ரத்தம் வந்திருந்தால் இதை நினையுங்கள். இன்னொன்று எலிப்பாஷாணம். தோப்பிலும் வயலிலும் வைக்கும் புரோமடியோலோன் கேக்கைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் சாதாரணமாக இருக்கும், பிறகுதான் ரத்தம் கசியத் தொடங்கும். அந்தக் கேக்கைத் தின்ற எலியை நாய் தின்றாலும் ஆபத்துண்டு. மாற்று மருந்து வைட்டமின் கே1. வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். பாக்கெட் உறை கிடைத்தால் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். வைத்தியமே அந்தப் பெயரை வைத்துத்தான் தொடங்கும். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். வண்டியை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

*

இதற்கெல்லாம் வீட்டில் என்ன வாங்கி வைக்கலாம்? அதிகச் செலவு வேண்டாம்.
— வாசகி, ஆரல்வாய்மொழி

10 செ.மீ. கிரேப் பேண்டேஜ் இரண்டு, காஸ் ஒரு பாக்கெட், சானிட்டரி நாப்கின் இரண்டு, முனை மழுங்கிய கத்தரி, பேனா, 20 மில்லி சிரிஞ்சு, பெட்டாடின் சின்னப் புட்டி, கையுறை இரண்டு ஜோடி, வாய்க்கட்டுக்கு ஒரு மீட்டர் துணிப்பட்டை, டி-ஷர்ட் கை ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியின் உள்பக்கம் பக்கத்துக் கால்நடை மருத்துவரின் எண்ணையும், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962ஐயும், உங்கள் நாயின் எடையையும் கடைசித் தடுப்பூசி தேதியையும் எழுதி ஒட்டுங்கள். கிரேப் பேண்டேஜைத் துவைத்துத் திரும்ப வைக்கலாம். இழுவை போய்த் தொய்ந்துவிட்டால் மட்டும் தூக்கிப்போடுங்கள், தொய்ந்த கட்டு காதில் நிற்காது.